சங்குமேட்டார் காட்டிய ஏழு தலைமுறை

மகரக்கோட்டை ராஜா கொழுந்து பூபதிக்குத் தன் வம்சத்தைப் பற்றி அபாரப் பெருமை. சூரியனிடமிருந்து ஒரு கதிர் பிரிந்து பூமிக்கு வந்ததாம். அந்தக் கதிர்தான் கோட்டையைக் கட்டிய முதல் கொழுந்தாம். அரண்மனை விருந்தில் பாணன் இதைப் பாடி முடித்த பிறகுதான் சாப்பாடு. சோறு ஆறிப்போனாலும் யாரும் வாய் திறப்பதில்லை.

இந்தப் பெருமையைத் தளவாய் வல்லபராயர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். கடலோரத்தில் சங்குமேடு என்ற மீனவர் ஊர் இருந்தது. அந்த இடத்தில் ஓர் உப்பளம் போட வேண்டும் என்பது தளவாயின் ஆசை. நேராகக் கேட்டால் கிடைக்காது. அதனால் ஒரு நாள் மெதுவாகப் பேச்சை ஆரம்பித்தார். சூரிய வம்சம் ஆளும் சீமையில் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவர்கள் குடியிருப்பது அழகா என்று கேட்டார். ராஜாவுக்கு அந்தப் பேச்சு தித்தித்தது. இந்த மண்ணில் ஏழு தலைமுறை வாழ்ந்ததாகச் சாட்சி காட்ட முடியாதவர்கள் அடுத்த அமாவாசைக்குள் சீமையை விட்டுப் போய்விட வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். தண்டோரா மட்டும் சங்குமேட்டைத் தவிர வேறெங்கும் போகாமல் தளவாய் பார்த்துக்கொண்டார்.

ஊரே கலங்கிப்போயிற்று. ஊரில் மூத்த குடும்பத்துப் பெண் பிரகாசி. மற்றவர்களெல்லாம் அந்தக் குடும்பத்தில் பெண் கொடுத்தோ எடுத்தோ உறவானவர்கள். அவள் நேராகத் துபாஷி இன்னாசியிடம் வந்தாள். பறங்கி வியாபாரிகள் வந்தால் ராஜாவுக்குப் பேச்சை மாற்றிச் சொல்வது இன்னாசியின் வேலை. கொஞ்சம் வாய்த்துடுக்கு உண்டு. ஆனாலும் ராஜாவுக்கு அவரைப் பிடிக்கும்.

"என் பாட்டன் பேரு தெரியும் ஐயா. அதுக்கு முந்தி செத்தவங்க பேரையெல்லாம் யார்கிட்டப் போய்க் கேக்கிறது?" என்றாள் பிரகாசி.

"செத்தவர்களிடமே கேட்டுவிடுவோம்" என்றார் இன்னாசி.

முதலில் ஊர் மாதா கோயில் சாமியாரிடம் போய் ஞானஸ்நானப் புத்தகங்களை இறக்கச் சொன்னார். அங்கே ஒரு தொல்லை. அந்த ஊரில் சவரி என்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். புத்தகத்திலும் அப்படித்தான், பக்கத்துக்குப் பக்கம் சவரி. எந்தச் சவரி யாருக்கு அப்பன் என்று ஞானத்தகப்பன் பெயரை வைத்துப் பிரித்தெடுப்பதற்குள் இன்னாசிக்குத் தலை சுற்றியது. போதாததற்கு நடுவில் ஒரு தலைமுறையைக் கரையான் தின்றிருந்தது.

அந்த ஓட்டையை அடைக்கக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். அங்கே மணல் மேடுதான் தெரிந்தது. பிரகாசியும் அவள் நாத்தனார்களும் சிரட்டையால் மணலை அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். எழுத்து தேய்ந்த கற்களைப் பிரகாசி விரலால் தடவித் தடவிப் படித்தாள். ஒரு கல்லில் கை நின்றுவிட்டது. 'சந்தியாகு, மூத்த சவரியின் மகன்' என்று இருந்தது. கரையான் தின்ற ஆள் அவர்தான். முகம் தெரியாத மனிதர்தான், ஆனாலும் பிரகாசிக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்லை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மூத்த சவரிதான் அந்தக் குடும்பத்தில் முதலில் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர். அவருடைய தகப்பன் பெயர் கூத்தன் என்று கோயில் புத்தகம் சொன்னது. ஏழாவது தலைமுறை கிடைத்துவிட்டது.

சபையில் இன்னாசி எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். தளவாய் அசையவில்லை. புத்தகத்தை நேற்றுக்கூட எழுதலாம், கல்லை முந்தாநாள்கூட வெட்டலாம் என்றார். நம் நியாயக் கச்சேரியிலேயே இருக்கிற பழைய தீர்ப்போலை ஏதாவது கூத்தன் பெயரைச் சொன்னால் ஒப்புக்கொள்வதாகச் சொல்லிவிட்டு மீசையைத் தடவினார். அந்த ஓலைகளை யாரும் தொட்டதே இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

இன்னாசி இடுப்பிலிருந்து ஓர் ஓலையை எடுத்தார். "கச்சேரிப் பரணில் கிடைத்தது. கோட்டை கட்டுவதற்கு முன்பு ஊர்ச்சபை சொன்ன தீர்ப்பு. கூத்தன் பெயர் வரும் இடத்தை மட்டும் படிக்கட்டுமா?"

"ஓர் எழுத்துகூட விடக்கூடாது" என்றார் தளவாய்.

"தளவாய் சொன்னால் சரி" என்று இன்னாசி படிக்க ஆரம்பித்தார்.

புயலில் கூத்தனுடைய படகு கரையேறி ஒருவருடைய நாற்றங்காலை நாசமாக்கியிருந்தது. நிலத்துக்காரர் வழக்குப் போட்டார். கூத்தன் பக்கம் ஒரே ஒரு சாட்சி. தன்னுடைய தோணி கடலில் உடைந்துபோனதாகவும், தத்தளித்த தன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்ததால்தான் கூத்தனுடைய படகு நிலை தவறியது என்றும் அந்தச் சாட்சி சொல்லியிருந்தான். கூத்தன் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பு. கடைசி வரியையும், அதன் கீழே பிற்பாடு யாரோ சேர்த்திருந்த குறிப்பையும் இன்னாசி நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"'இப்படிக்குச் சாட்சி, கூத்தன் வீட்டில் ஒண்டியிருக்கும் அயலூரான் கொழுந்து. பின்னாளில் மேட்டில் கோட்டை கட்ட இவனுக்கே சபை அனுமதி தந்தது.'"

பாணன் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். தளவாயின் முகம் வெளுத்தது. அந்த ஓலை பொய், சுத்தப் பொய் என்று முணுமுணுத்தார்.

ராஜா இன்னாசியை உற்றுப் பார்த்தார். "இன்னாசி, நீ என்ன சொல்கிறாய்? இது மெய்யா, பொய்யா?"

"மகாராஜா சொல்கிறபடிதான். மெய் என்றால் இரண்டு குடும்பத்துக்கும் ஏழு தலைமுறை ஆகிவிட்டது, இருவரும் இருக்கலாம். பொய் என்றால் உத்தரவுப்படி அமாவாசைக்குள் இருவருமே கிளம்ப வேண்டியதுதான். கவலை வேண்டாம் மகாராஜா. படகு அவர்களிடம் இருக்கிறது, போன தடவை மாதிரியே ஏற்றிக்கொள்வார்கள்."

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை கழன்று மடியில் விழுந்தது. உத்தரவு அங்கேயே ரத்தாயிற்று. இன்னாசிக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. பிரகாசியைப் பக்கத்து ஆசனத்தில் உட்காரவைத்து விருந்து போட்டார் ராஜா. அன்றைக்குச் சோறு சூடாகவே வந்தது.