முளைத்த ஏழு

"பிந்தி வந்துட்டேனா, சாமி?"

உலகம்மை இதைக் கேட்டபோது சாமி பீர்க்கம்பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றின் ஒரு நுனி அவர் பல்லில் இருந்தது.

மலையடிவாரத்துச் சின்ன மடம் அது. சாமி அவளைவிட வயதில் இளையவர். அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

மாசியில் வந்தவள். பெருக்கினாள், தண்ணீர் ஊற்றினாள், கண்ணை மூடி உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் முதுகு வலித்தது. மனம் பழைய அடுக்களைகளில் திரிந்தது.

வெள்ளிக்கிழமை அவளை அழைத்துப்போக தம்பி மகன் வருகிறான். இனியும் தனக்கு வழி உண்டு என்று சாமி சொன்னால் அவள் இருப்பாள். இல்லை என்றால் அவனோடு புறப்பட்டுவிடுவாள். இரண்டில் ஒன்றை அவர்தான் சொல்ல வேண்டும்.

கயிறு வாயிலிருந்து கைக்கு வரும்வரை அவளே பேசினாள். புருஷன் செத்துத் தாலி இறங்கித் தம்பி வீட்டுக்கு வந்தது. தம்பி பெண்டாட்டி மூன்றாம் பிரசவத்தில் போனது. மூன்று பிள்ளைகளையும் இவள் வளர்த்தது. எண்ணெய், சீயக்காய், சோறு, மாந்தம், பள்ளிக்கூடம், கல்யாணம். அப்படியே தலை நரைத்தது.

"அதெல்லாம் கணக்குல சேராது, சாமி," என்றாள். "சும்மா ஓடின காலம். இனிமேதான் நான் ஆரம்பிக்கணும்."

சாமி முடிச்சை இறுக்கினார். உள்ளே போய் ஒரு சுரைக்குடுக்கையோடு வந்தார். அதில் சாம்பல். சாம்பலுக்குள் கறுத்த பீர்க்கம் விதைகள். முன்பு தோட்டம் பார்த்த துறவி எடுத்து வைத்தவை. அவர் சமாதியானபின் யாரும் ஊன்றவில்லை.

"முளைக்குமா, பாருங்கம்மா."

அவ்வளவுதான். ஏணியில் ஏறிவிட்டார்.

ஆடி பிறந்திருந்தது. செத்த விதையை ஊன்றிவிட்டுக் காத்திருந்தால் பட்டம் தவறும். அப்புறம் பந்தலில் குருவிதான் காய்க்கும்.

உலகம்மை விதைகளைக் கைக்குள் உருட்டிப் பார்த்தாள். இலேசாக இருந்தன. பத்து விதை எடுத்தாள். சாமியின் கிழிந்த வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து, விதைகளைப் பரப்பிச் சுருட்டி, ஒரு கொட்டாங்கச்சிக்குள் வைத்து அடுப்பு மேடையில் ஒதுக்கினாள்.

மடத்துக்குச் சமைக்கிற ஐயம்பெருமாளுக்கு இடைஞ்சல். குழம்புச் சட்டியை இறக்க இடமில்லை. அடைகாக்கிற கோழிக்குத் தவிடு வைக்கட்டுமா என்று அவளைக் கேட்டார். முட்டை பொரிந்தால் தனக்கு ஒரு குஞ்சு வேண்டும் என்றார். அவள் சிரிக்கவில்லை. துணி காயாமல் காலையும் மாலையும் நீர் தெளித்தாள்.

தெளிக்கும்போதெல்லாம் ஒரு நினைப்பு. இது முளைத்தால் நானும்.

வெள்ளிக்கிழமை காலையில் பிரித்தாள்.

மூன்று விதைகள் கொழகொழத்துப் போயிருந்தன. மற்ற ஏழிலும் வெள்ளை வேர். ஒன்று கொக்கிபோல் வளைந்திருந்தது. ஒன்று கறுத்த தோலைக் குல்லாய்போல் தலையில் மாட்டிக்கொண்டு துணியின் இழைக்குள் நுழைந்திருந்தது.

பந்தலடிக்கு வேகமாக வந்தாள்.

"ஏழு, சாமி. பத்துக்கு ஏழு. குடுக்கையில இருக்கிறதை நம்பி ஊன்றலாம்."

"நல்லது," என்றார் சாமி. மண்வெட்டியை நிறுத்தி அவளைப் பார்த்தார். "அந்த ஏழும் எங்கே?"

"எந்த ஏழு?"

"முளைச்சது."

அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. வடக்கே குப்பைக்குழியில் துணியோடு போட்டுவிட்டதாகச் சொன்னாள். அடுப்பு மேடையைக் கழுவி ஐயம்பெருமாளுக்கு விட்டுக்கொடுத்ததையும் சொன்னாள்.

"ஏன் போட்டீங்க?"

"அது சும்மா பார்க்கிறதுக்கு வச்சதுதானே, சாமி. அது கணக்குல..."

நிறுத்தினாள்.

சாமி மறுபடி குழி தோண்டத் தொடங்கினார். சாரல் விழுந்தது.

உலகம்மை திரும்பி வடக்கே நடந்தாள். பிறகு ஓடினாள்.

முருங்கைக் காம்பு, வாழைப்பூ மடல், சாம்பல், நேற்றைய சோறு. அதற்குள் ஐயம்பெருமாள் மேலே ஒரு கூடை கொட்டியிருந்தார். அவள் முழங்காலிட்டு இரு கையாலும் விலக்கினாள்.

"என்னத்தத் தேடுதீங்க, அத்தை?"

கோமதிநாயகம் வந்துவிட்டிருந்தான். தம்பியின் மூத்த மகன். காதோரம் நரை விழுந்த ஆள். வண்டி வாசலில் நிற்கிறது என்றான்.

"முளைச்சதை," என்றாள், நிமிராமலே.

அவன் செருப்பைக் கழற்றினான். சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினான்.

துணியின் ஓரத்தைக் கண்டது அவன்தான். சோற்றுக்கு அடியில், பாதி பிரிந்து கிடந்தது. இரண்டு முளைகள் நசுங்கியிருந்தன. மீதியை ஒவ்வொன்றாக எடுத்தான்.

அவன் எடுக்கிற விதத்தை உலகம்மை பார்த்துக்கொண்டிருந்தாள். வேரை அவன் தொடவில்லை. விதைத்தோலை இரு விரலால் பிடித்து உள்ளங்கைக் குழியில் இறக்கினான். சாரல் படாமல் மற்றக் கையைக் கவித்துக்கொண்டான்.

"வேரைப் பிடிக்கக் கூடாதுன்னு உனக்கு யாருடா சொன்னது?"

அவன் சிரித்தான்.

"நல்லா கேட்டீங்க. நீங்கதான், அத்தை. கொல்லையில வச்சு எத்தனை தடவை என் புறங்கையில அடி போட்டிருப்பீங்க."

அவள் அவனையே பார்த்தாள். கவித்த கை. நரைத்த காதோரம். குப்பைக்குள் இறங்கி நிற்கும் கால்கள்.

முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். சாம்பல் இன்னும் பரவியது.

"பந்தல் நிறைஞ்சதும் வா," என்றாள். "பிள்ளைகளுக்குக் காய் கொண்டு போகலாம்."

அப்படியென்றால் இப்போது வரவில்லையா என்று அவன் கேட்டான். கையை ஆட்டாதே என்றாள் அவள்.

இருவரும் பந்தலடிக்கு வந்தார்கள். குழிகள் தயாராக இருந்தன. சாமி மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, அவன் கைக்குள் இருப்பதை எட்டிப் பார்த்தார்.

"என்னமோ கேட்டீங்களே, அம்மா," என்றார். "பிந்தி வந்துட்டேனான்னு."

"இப்ப நேரமில்ல, சாமி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் உலகம்மை. "ஈரம் காயுறதுக்குள்ள நடணும்."