மூன்று நல்லவர்களும் ஒரு காலி வீடும்

ராஜாவோ வேதாளமோ இல்லாத புதிர் இது. இதில் இருப்பவர்கள் மூன்று நல்லவர்கள். கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு நானும் என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். மூவரும் நல்லவர்கள் என்பதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கவனமாகப் படியுங்கள், முடிவில் கேள்வி கேட்பேன்.

திருச்சியில் வெண்ணிலா என்று ஒரு பெண். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். அவளுடைய அப்பாவுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. ஒவ்வொரு முறையும் அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அவளும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியிறக்குவார்கள். "கீழ போட்டுறாதீங்கப்பா" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். உள்ளுக்குள் அவருக்கு உயிர் போய்வரும்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஓர் அடுக்ககம். அதன் தரைத்தள வீட்டு வாசலில் 'வாடகைக்கு' என்று பலகை தொங்கியது. அங்கே குடிவந்தால் அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டே போய்விடலாம். வெண்ணிலா அன்றைக்கே வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்தாள்.

வீட்டுக்காரர் கருணாகரன் ஓய்வுபெற்ற பேராசிரியர். சமத்துவத்தைப் பற்றி அவர் மேடையில் பேசினால் கைதட்டல் அடங்க நேரமாகும். அப்பாவின் நிலைமையைக் கேட்டு உச்சுக்கொட்டினார். சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சொந்த ஊர் எதும்மா?"

"லால்குடி பக்கம் ஒரு கிராமம் சார்."

"அட, நமக்குத் தெரிஞ்ச இடம்தான். ஊர்ல எந்தத் தெரு?"

அவள் தெருவின் பெயரைச் சொன்னாள். பேராசிரியர் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவி மேசையிலிருந்து அவருடைய சட்டைப் பைக்குப் போய்விட்டது.

"நான் சாதியெல்லாம் பார்க்கிறவன் இல்லம்மா. அந்த வீட்டுக்கு மேல் மாடியில வசுமதி அம்மா இருக்காங்க. அவங்க கொஞ்சம் பழைய காலத்து ஆளு. அவங்க சரின்னா எனக்கும் சரி."

சாதி என்ற சொல்லை வெண்ணிலா எடுக்கவே இல்லை. இதை மனதில் வையுங்கள்.

அவள் நேராக மாடி ஏறினாள். வசுமதி கதவைத் திறந்து, "பேராசிரியர் வீட்டுக்குக் குடிவரப் போறீங்களா? வாங்க வாங்க, காபி போடறேன்" என்று அடுப்படிக்குப் போனார். பால் காயும் நேரத்தில் எட்டிப் பார்த்து, "உங்களுக்குக் குலதெய்வம் எதுங்க?" என்று கேட்டார். வெண்ணிலா சாமியின் பெயரைச் சொன்னாள்.

காபி வரவே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு வசுமதி வெளியே வந்தார்.

"எனக்கு என்னம்மா இருக்கு? எல்லாரும் மனுஷங்கதான். நான் சாதி கீதியெல்லாம் பார்க்கிறதே கிடையாது. இந்த செக்ரட்டரி தண்டபாணி சார் இருக்காரே, அவர்தான் ஒரு மாதிரி. எதுக்கும் அவரைக் கேட்டுக்கோங்க."

தண்டபாணி குடியிருப்போர் சங்கச் செயலாளர். மின்வாரியம் என்றதுமே மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கரண்ட் போனா இனிமே கவலையே இல்ல மேடம், உங்க வீட்டுக் கதவையே தட்டிடலாம்!" என்று அவரே சிரித்துக்கொண்டார். பிறகு, "அப்பா பேரென்ன? என்ன வேலையில இருந்தார்?" என்று கேட்டார்.

அதையும் சொன்னாள். தண்டபாணியின் சிரிப்பு நின்றது.

"எங்க சங்கத்துல அந்த மாதிரி பேதமெல்லாம் கிடையாது மேடம். ஆனா வீட்டுக்காரர் பெரிய மனுஷன். வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அவருக்குத்தான் மனசு சங்கடப்படும்."

வெண்ணிலா திரும்பவும் பேராசிரியர் வீட்டுக்கு வந்தாள். அவள் உட்காரவில்லை.

"ரெண்டு பேரையும் பார்த்துட்டேன் சார். யாருக்கும் ஆட்சேபணை இல்லையாம். உங்களுக்கும் இல்லைன்னு நீங்களே சொன்னீங்க. சாவியக் குடுங்க."

பேராசிரியரின் கை சட்டைப் பையை மூடிக்கொண்டது. "இப்பத்தான் ஒருத்தர் போன்ல பேசி முடிச்சார். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாம்மா?"

"முன்னாடியும் நான்தானே சார் வந்தேன்?"

அவர் மறுபடி ஃபேனைப் பார்த்தார்.

அடுத்த வாரம் மழை. படியெல்லாம் ஈரம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஆட்டோக்காரரின் கால் வழுக்கி, நாற்காலி உருண்டது. அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அந்த உடம்புக்கு அறுவை சிகிச்சை தாங்காது என்றார்கள். அவர் இனி நடக்கப் போவதில்லை. செய்தி கேட்டு மூன்று நல்லவர்களும் வருத்தப்பட்டார்கள். 'வாடகைக்கு' பலகை இன்றும் அங்கேயே தொங்குகிறது.

இப்போது சொல்லுங்கள். மூவரும் சாதி பார்ப்பதில்லை என்கிறார்கள். ஆனால் வீடு கிடைக்கவில்லை. வெண்ணிலாவுக்கு அந்த வீட்டை மறுத்தது யார்?

விடை: பேராசிரியர் வசுமதியைக் கேட்கவில்லை, வசுமதி தண்டபாணியைக் கேட்கவில்லை, தண்டபாணி பேராசிரியரைக் கேட்கவில்லை. அடுத்தவருக்குப் பிடிக்காது என்று ஆளாளுக்கு அவர்களே முடிவுகட்டினார்கள். வெண்ணிலாவும் தன் சாதியை யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் மூவருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர் தெருவைத் தோண்டினார், ஒருவர் சாமியைத் தோண்டினார், ஒருவர் அப்பாவைத் தோண்டினார். பார்க்காதவர்களுக்கு எதற்கு இத்தனை தோண்டல்? மறுத்தது மூவரும்தான். அவள் அப்பா இடுப்பொடிந்து கிடப்பதற்கும் மூவரும்தான் காரணம்.

புதிர் இத்தோடு முடியவில்லை. அந்தத் தெருவின் பெயரை நான் எழுதவில்லை. சாமியின் பெயரும் அப்பாவின் பெயரும் இந்தக் கதையில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். அவள் பதில் சொன்ன ஒவ்வொரு இடத்திலும், அது என்ன பெயராக இருக்கும் என்று உங்கள் மனம் ஒரு கணம் தேடியதா, இல்லையா?