குதிகால் குளிர்ந்த இடம்

வறண்ட ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சிற்றூரில் நத்தர்சா கபர் குழி வெட்டிப் பிழைத்தார். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் மண்வெட்டியோடு முதலில் வந்து நிற்பவர் அவர். அவர் வெட்டிய குழியில்தான் ஊர் தன் பெரியவர்களைப் படுக்க வைத்தது. ஆனால் பள்ளிவாசலில், தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளு செய்யும் ஹவுல் தொட்டியில் அவர் கை நனைக்கக் கூடாது.

அவர் கைகால்களில் தோல் செதிலாக உதிரும். தொற்றாது என்று வைத்தியர் சொல்லியும் பள்ளியை நிர்வகித்த சீனி ராவுத்தர் கேட்கவில்லை.

"ஒன் குழியில நாங்க எறங்குறது ஒருநாத்தான் நத்தர்சா. ஹவுல்ல அஞ்சு வேளையும்ல கை வைக்கணும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அன்று முதல் நத்தர்சா ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி ஒளு செய்தார். செருப்புகள் கிடக்கும் வாசலில் நின்று தொழுதார். உள்ளே வரிசையில், பக்கத்து மனிதரின் தோள் தன் தோளில் பட நிற்க வேண்டும். அவருக்கு இருந்தது அந்த ஓர் ஆசைதான்.

தோண்டும்போது அய்யூப் நபியை நினைத்துக்கொள்வார். உடலெல்லாம் நோய் தின்ற நபி. இறைவன் சொன்னபடி காலால் தரையைத் தட்ட, குளிர்ந்த ஊற்று பிறந்து நோய் தீர்ந்த நபி. "நீங்களும் தட்டிப் பாருங்களேன் பாய்!" என்று கரையில் போகிறவர்கள் கேலி செய்வார்கள்.

பனையேறும் சவரிமுத்து மட்டும் மணலில் இறங்கி வந்து உட்காருவார்.

"எங்க மாதா கோயில்ல ஒங்க அய்யூப யோபும்பாங்க பாய். நோவு தாங்காம பொறந்த நாளையே சபிச்சாராம்."

"எங்க நபி அப்படிச் சொல்லலண்ணே. 'எனக்குத் துன்பம் வந்துருச்சு. நீ எல்லாரையும் விட இரக்கமுள்ளவன்.' அம்புட்டுத்தான். கொணமாக்குன்னுகூடக் கேக்கல."

சவரிமுத்து சற்று யோசித்தார். "பொலம்புனாலும் ஆண்டவரு காது குடுத்தாரு, பொலம்பாட்டியும் குடுத்தாரு. ஒங்கள மட்டும் விட்ருவாரா?"

மூன்று வருடம் மழை இல்லை. ஹவுல் காய்ந்தது. குடிக்கிற தண்ணீரே ஏழு மைல் தாண்டி மாட்டுவண்டியில் வந்தது. தண்ணீர் கிடைக்காதவர்களுக்கு மார்க்கம் தந்த சலுகைப்படி, சுத்தமான மண்ணில் கை தட்டி முகத்திலும் கைகளிலும் தடவிக்கொண்டு ஊர் தொழுதது. ஆற்றில் தோண்டியவர்கள் இரண்டு ஆள் ஆழத்தில் கைவிட்டார்கள். குழி வெட்டிப் பழகிய நத்தர்சா விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், மூன்றாம் ஆள் ஆழத்தில், அவர் குதிகால் குளிர்ந்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கும்போது மண்ணைத் தடவித் தொழுவது கூடாது. அறிந்தவன் சொல்லாமல் இருக்கலாமா? அவர் பள்ளிக்கு ஓடினார்.

"தண்ணி வந்துருச்சு" என்றார் வாசலில் நின்று.

"நீ கழுவுன தண்ணியா?" என்றார் ராவுத்தர்.

"இல்ல ராவுத்தரே. குதிகால் பட்டத எறைச்சுப் பனங்கன்னுக்கு ஊத்திட்டேன். இப்பப் புதுசா ஊறுது. நான் கை வைக்கல."

தொழுகை நடத்தும் அசரத்து தம் கையிலிருந்த மண்ணை உதறினார்.

"தண்ணி இருக்கயில மண்ணு கூடாது. எல்லாரும் வாங்க."

ஊற்றருகே கலயத்தில் நீர் இறைத்து வைத்தார்கள். "தோண்டுனவரு மொதல்ல" என்றார் அசரத்து. நத்தர்சா கலயத்தில் கை விட்டு ஒளு செய்தார். அந்தக் கை நனைந்த கலயத்திலேயே அசரத்து தம் கையையும் விட்டார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் சீனி ராவுத்தர். கலயத்தைப் பார்த்தார். நத்தர்சாவின் விரல்களைப் பார்த்தார். இரு கைகளையும் நீட்டினார்.

"ஊத்துய்யா."

நத்தர்சா ஊற்றினார்.

அன்று வரிசையில் அவர் இடது தோளில் ராவுத்தரின் தோள் பட்டது. தோல் உதிர்வது கடைசிவரை நிற்கவில்லை. அதை அவர் கேட்கவும் இல்லை. கேளாமலே அறிகிற இறைவன், அந்த எளிய அடியாரின் குதிகாலையும் அறிந்திருந்தான்.