மருதமரம் போர்வையை உதறியது

அந்தக் காலத்தில், மரமும் பறவையும் ஒன்றோடொன்று வழக்காடிக்கொண்டிருந்தபோது, ஆற்றங்கரை மரங்கள் எல்லாம் ஒரே மாதிரிக் கறுத்து வெடித்த பட்டையைத்தான் போர்த்தியிருந்தன. பொழுது சாய்ந்தால் எது வேம்பு, எது புளி, எது மருதம் என்று யாருக்கும் பிடிபடாது.

இதில் அதிகம் அடிபட்டவன் கொண்டையப்பன் என்ற மரங்கொத்தி. அவன் வீடு கரையோரத்து மருதமரம் ஒன்றின் பொந்து. இரை தேடிவிட்டு அந்தியில் திரும்பியவன், நேற்று மைனா வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டான். அதற்கு முந்தின நாளும் அதே வீடுதான். மைனா போட்ட கூச்சல் அக்கரைவரை கேட்டது.

“ஒரு தடவை போனா மறதி. மறுநாளும் அங்கேயே போனா அதுக்கு என்ன பேருங்க?” என்றாள் மனைவி வடிவு, முட்டைமேல் உட்கார்ந்தபடியே. “இன்னைக்கும் வீடு மாறுனீங்கன்னா இந்தப் பக்கமே வராதீங்க. குஞ்சுகளுக்கு அப்பா இல்லைன்னு சொல்லி வளத்துக்கிறேன்.”

கொண்டையப்பன் காலை முழுக்க யோசித்தான். தப்பு மரத்திலா, தன்னிடமா? தன்னிடம்தான் என்று ஏறக்குறைய முடிவுக்கே வந்துவிட்டான். ஆனால் தன்னைத் திருத்துவதைவிட மரத்தைத் திருத்துவது சுலபமாகப் பட்டது.

“மருதண்ணே, உங்க பட்டையைக் கொஞ்சம் உரிச்சுக்கிடட்டுமா? அடையாளத்துக்கு.”

“வலிக்குமாடா?”

“தினம் நான் கொத்துறதைவிட வலிக்காது.”

“அதுவும் சரிதான்.”

உச்சியிலிருந்து அடிவரை உரித்துத் தள்ளினான். உள்ளே வழவழவென்று, சாம்பல் பூசியதுபோல் வெளுத்த உடம்பு. எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். நிம்மதியாக இரை தேடப் போனான்.

மருதத்துக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. “ஏய், ஆத்துக்காத்து உடம்புல படுதுப்பா! இத்தனை காலம் இந்தக் கம்பளியைப் போத்திக்கிட்டு நின்னோமே!” என்று கரை முழுக்கக் கேட்கக் கத்தியது. வேம்புக்கும் புளிக்கும் கூச்சம். போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. மருதங்களுக்கு அதெல்லாம் கிடையாது. கரையோரத்து மருதங்கள் அத்தனையும் சடசடவென்று பட்டையை உதறின.

அந்தியில் திரும்பிய கொண்டையப்பன், இறக்கை அடிக்க மறந்து ஆற்றில் விழப் பார்த்தான். கரை நெடுக வெள்ளை மரங்கள். அதில் ஒன்றில் வடிவு, இன்னொன்றில் மைனா.

நுழையத் தைரியம் வரவில்லை. முதல் மரத்தில் ஒட்டிக்கொண்டு வெளியிலிருந்தே தட்டிவிட்டு, காதை வைத்துக் கேட்டான்.

“யாருடா அது?” என்றது மைனா.

“யாருமில்லைங்க,” என்று அடுத்த மரத்துக்குத் தாவினான். தட்டினான். தாவினான். கடைசியில் ஒரு பொந்துக்குள்ளிருந்து குரல் வந்தது:

“இதென்ன புதுசா கதவு தட்டுற மரியாதை? உள்ள வாங்க, முட்டை ஆறுது.”

அன்று முதல்தான் மருதமரம் மற்ற மரங்களுக்கு நடுவே வழவழத்து வெளுத்து நிற்கிறது. பட்டை தடிக்கத் தொடங்கினால் உதறிவிடுகிறது. நாமும் தூரத்திலிருந்தே அது மருதம் என்று சொல்லிவிடுகிறோம். எந்த மருதம் என்பதுதான் மரங்கொத்திக்கு இன்னும் நிச்சயமில்லை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறது.