முதலில் புத்தகமா, படமா?

கொல்லிமலை அடிவாரத்தில் அமிழ்து என்றோர் ஆசிரியை தியானம் கற்றுக்கொடுத்து வந்தார். அவருடைய சீடர்களில் மாசிலாமணி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். குருவைவிட வயதில் ரொம்பப் பெரியவர்.

அன்று அமிழ்து முற்றத்தில் உட்கார்ந்து சாமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தடித்த நாவல் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாசிலாமணி வந்து நின்றார். காலையிலிருந்து இது மூன்றாவது முறை. அமிழ்துக்கு அலுத்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மனுஷர் என்ன பாடு படுத்தியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

“மறுபடியும் அதேதானா?”

“ஆமாம்மா. இந்த நாவலைப் படமாக எடுத்துவிட்டார்கள். மகள் டிக்கெட்டும் வாங்கிவிட்டாள். நான் இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. முதலில் படிப்பதா, பார்ப்பதா?”

“பாருங்கள் என்று சொன்னேனே.”

“பார்த்துவிட்டால், அப்புறம் படிக்கும்போது அந்த நடிகர் முகம்தானே வந்து நிற்கும்?”

“அப்படியானால் படியுங்கள். அதையும்தான் சொன்னேன்.”

“படித்துவிட்டுப் போனால் படம் பிடிக்காமல் போய்விடுமே!”

அமிழ்து முறத்தைத் தரையில் வைத்தார். வைத்த வேகத்தில், பொறுக்கி ஓரமாகச் சேர்த்திருந்த கல்லெல்லாம் சாமைக்குள் உருண்டு கலந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் எரிச்சல் வந்தது.

“மகள் எங்கே?”

“வெளியே காரில் இருக்கிறாள். நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறாள்.” அவர் குரல் இறங்கியது. “அவள் அம்மா போன பிறகு, சேர்ந்து எங்கேயாவது போகலாம் அப்பா என்று இப்போதுதான் கூப்பிட்டாள். உங்களைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.”

வெளியே ஹாரன் ஒலித்தது. மாசிலாமணி நகரவில்லை.

“ஐயா, என் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தானே இங்கே வந்தீர்கள்?”

“ஆமாம்மா.”

“எழுதியது யாரென்று நினைத்துக்கொண்டு வந்தீர்கள்?”

அவர் தயங்கினார். “அட்டையில் அமிழ்து என்று மட்டும்தான் போட்டிருந்தது. யாரோ வெள்ளைத் தாடி வைத்த பெரியவர் என்று...”

“என்னைப் பார்த்த பிறகு?”

“முதல் நாள் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. மன்னிக்கணும்.”

“தாடிக்காரர் என்ன ஆனார்?”

மாசிலாமணி யோசித்துப் பார்த்தார்.

“இருக்கிறாரம்மா. இன்றைக்கும் அந்தப் புத்தகத்தைத் திறந்தால் அவர் குரல்தான் கேட்கிறது.”

மறுபடியும் ஹாரன். இந்த முறை நீளமாக.

அமிழ்து முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து கல் பொறுக்கத் தொடங்கினார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“தாடிக்காரர் எங்கேயும் போகமாட்டார். கார் போய்விடும்.”