ஒரு விரற்கடை இடைவேளை

கோவேறு கழுதைகள் மனிதரோடு பேரம் பேசிய காலம் ஒன்று இருந்தது. சும்மா பேச்சு இல்லை, கறாரான பேச்சு. அந்தக் காலத்தில் மெக்சிகோ நாட்டு மலையொன்றின் மேல் செர்ரோ பார்தோ என்று ஒரு வெள்ளிச் சுரங்க ஊர்.

ஊர் முழுக்கச் சரிவு. எலுமிச்சம்பழம் ஒன்றைக் கீழே வைத்தால் நிற்காமல் உருண்டு பள்ளத்தாக்கில் போய்த்தான் விழும். அங்கே தட்டையான தரை ஒன்றே ஒன்றுதான், மிதிகளம். சுரங்கத்திலிருந்து வரும் தாதைப் பொடித்து அங்கே பரப்பித் தண்ணீர் விட்டுச் சேறாக்குவார்கள். கோவேறு கழுதைகள் வாரத்தில் ஆறு நாள் சுற்றிச் சுற்றி வந்து அதை மிதிக்கும். சனிக்கிழமை சேற்றை வாரிக்கொண்டு போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காய்ந்த களத்தில் கழுதைகள் மல்லாந்து படுத்து, நாலு காலையும் உதறி, முதுகைத் தேய்த்துப் புரளும். ஆறு நாள் வலிக்கு அவற்றுக்கு இருந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

அந்தத் தரையின் மேல் எவாரிஸ்தோவின் கண் விழுந்தது.

எவாரிஸ்தோ பாறை உடைப்பவன். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். தொழிலாளிகள் சேர்ந்து ஆடிய கால்பந்து அணிக்கு அவன்தான் கேப்டன். தலைநகரிலிருந்து வந்த கால்பந்துச் சங்கத்து ஆள் அவனிடம் சொல்லிவிட்டார்: "ஊருக்கு ஒரு கழகம்தான். ஞாயிற்றுக்கிழமை உங்கள் சொந்தத் தரையில் ஒரு ஆட்டத்தைப் பொழுது சாய்வதற்குள் முழுசாக ஆடி முடியுங்கள், உங்கள் பெயரை எழுதிக்கொள்கிறேன். முடியாவிட்டால் அலுவலக அணியின் பெயரைத்தான் எழுதுவேன்."

அலுவலக அணி என்றால் கடல் தாண்டி வந்த சுரங்க அதிகாரிகள். அடிவாரத்தில் அவர்களுக்கென்று வேலி போட்ட புல்வெளி உண்டு. பெயர் அவர்களுக்குப் போய்விட்டால் தொழிலாளி ஆயுசு முழுக்க வேலிக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போட வேண்டியதுதான்.

எவாரிஸ்தோ நேரே களத்துக்குப் போனான். கழுதைகளுக்குத் தலைவி தோமாசா. மரியாதை தெரிந்தவர்கள் முன்னால் 'தோன்யா' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

"தோன்யா தோமாசா, ஞாயிற்றுக்கிழமை களம் எங்களுக்கு வேண்டும். அவசரம்."

பேரம் பேசப் போகிறவன் தன் அவசரத்தை முதல் வார்த்தையிலேயே காட்டுவானா? இவன் காட்டினான்.

"அவசரமா? சரி. எங்கள் முதுகுக்கும் அவசரம்தான் மகனே," என்றது தோமாசா.

"ஆட்டத்துக்கு நடுவில் இடைவேளை விடுவோம். அப்போது வந்து புரளுங்கள்."

"எவ்வளவு நேரம்?"

சுரங்கத்துக்குள் சூரியனும் இல்லை, கடிகாரமும் இல்லை. அங்கே வேலை செய்கிறவனுக்கு நேரம் என்றால் மெழுகுவத்திதான். இவ்வளவு உருகினால் சோறு, இவ்வளவு உருகினால் வீடு. அதனால் தோமாசா, "மூன்று விரற்கடை மெழுகுவத்தி," என்று கேட்டது.

"மூன்றா? பொழுது போய்விடும். அரை."

"அரையில் நான் ஒருபக்கம்கூடத் திரும்ப மாட்டேன். இரண்டு."

"ஒன்று. அதற்கு மேல் பேச்சில்லை."

தோமாசா காதை ஆட்டி யோசித்தது. "ஒன்று. ஆனால் மெழுகுவத்தி களத்துக்கு நட்டநடுவில், எங்கள் கண்ணெதிரே எரிய வேண்டும். ஒரு விரற்கடை உருகும்வரை களம் எங்களுடையது."

"பேச்சு பேச்சுதான்," என்று எவாரிஸ்தோ அதன் குளம்பைத் தொட்டுவிட்டு வந்தான். மூன்றை ஒன்றாக்கிய சந்தோஷத்தில் மதுக்கடையில் மார்தட்டிக்கொண்டான். அளவைக் குறைத்தவன் அளவுகோல் என்னவென்று பார்க்கவில்லை. பூமிக்கடியில் காற்று ஏது? மெழுகுவத்தி அங்கே சொன்னபடி எரியும். மலையுச்சியில்?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அலுவலக அணியோடு ஆட்டம் தொடங்கியது. பாதி ஆட்டம் முடிவதற்குள் அலுவலக அணி இரண்டு கோல் போட்டுவிட்டது. எவாரிஸ்தோ தன் கோல் கீப்பர் சில்வேரியோவின் மேல் பாய்ந்தான்.

"கையை எதற்கு வைத்திருக்கிறாய்? சோள ரொட்டி தட்டவா?"

"முன்னால் ஓடிப்போய் நின்றுகொண்டவன் கேட்கிறான் பார். பின்னால் ஒரு வாசல் திறந்து கிடந்தது, துரைக்குத் தெரியவில்லை."

சில்வேரியோவின் மகளுக்கு எவாரிஸ்தோதான் ஞானத்தகப்பன். அந்த ஊரில் பெற்றவனும் ஞானத்தகப்பனும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் அழைப்பார்கள். அது கூடப்பிறந்ததைவிட நெருக்கம். அன்று இருவரும் அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இடைவேளை. கழுதைகள் களத்தில் இறங்கிச் சுகமாகப் புரண்டன. எவாரிஸ்தோ நடுவில் மெழுகுவத்தியை நட்டு ஏற்றினான். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினான், மறுபடி அணைந்தது. தொப்பியைக் கவிழ்த்து மூடினான். புகைந்து அணைந்தது.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. சங்கத்து ஆள் கடிகாரத்தையும் மேற்கு மலையையும் மாறி மாறிப் பார்த்தார். அலுவலக அணியில் ஒருவன், "கழுதையிடம் ஏமாந்த முதல் கழகம். ஓ, இன்னும் கழகமே ஆகவில்லையோ?" என்றான்.

எவாரிஸ்தோவுக்குத் தலைக்கேறியது. "எழுந்திரு தோமாசா. போதும் புரண்டது."

'தோன்யா' போய்விட்டது. தோமாசா எழவில்லை. "மெழுகுவத்தி எவ்வளவு உருகியது?"

"காற்று அணைத்தால் நான் என்ன செய்வேன்?"

"காற்றோடு நான் பேரம் பேசவில்லை. உன்னோடு பேசினேன்."

யாரோ அவன் கையில் ஒரு சாட்டையைத் திணித்தார்கள். ஒரு அடி போதும், களம் காலியாகும். எவாரிஸ்தோ சாட்டையைப் பார்த்தான், கழுதைகளின் முதுகில் இருந்த தழும்புகளையும் பார்த்தான். சாட்டையைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்தான்.

"எல்லாரும் இங்கே வாருங்கடா," என்றான். "சுற்றி நில்லுங்கள். காற்று நுழையக் கூடாது."

பதினோரு பேரும் மெழுகுவத்தியைச் சுற்றி நின்றார்கள். சுடர் எழுந்தது, ஆடியது, அணைந்தது. மறுபடி ஏற்றினார்கள், மறுபடியும் அதே கதை. தோமாசா எழுந்து வந்து, அவர்களுடைய தோள்களுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தது.

"இத்தனை பெரிய ஆட்கள், ஒரு ஓட்டை தெரியவில்லையா? அதோ, கேப்டனுக்கும் கோல் கீப்பருக்கும் நடுவில். நான் சுமையோடு நுழைந்து போகலாம் அதில்."

இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சூரியன் மலையைத் தொட இன்னும் இரண்டு சாண்தான் இருந்தது.

எவாரிஸ்தோதான் நகர்ந்தான். சில்வேரியோவின் தோளோடு தன் தோளை இடித்து நிறுத்தினான்.

"நான் முன்னால் போனது தப்புதான், கொம்பாத்ரே."

சில்வேரியோ அந்தத் தோளைத் தடவிப் பார்த்தான். பிறகு, "உன் தோளில் எலும்புதான் இருக்கிறது, கொம்பாத்ரே. நன்றாகச் சாப்பிடு," என்று சொல்லி இன்னும் ஒட்டி நின்றான்.

சுடர் நேராக நின்றது. வியர்வையும் புழுதியும் நாற, தோளோடு தோள் ஒட்டி, பதினோரு பேரும் குனிந்து அந்த ஒரு விரற்கடை உருகுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிற்க நிற்க அவர்கள் மூச்சு ஒரே தாளத்துக்கு வந்தது. யார் எந்தக் கோலுக்குக் காரணம் என்ற பேச்சு அங்கேயே அடங்கிப்போனது.

"உருகிவிட்டது," என்றது தோமாசா. உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. "பேசியது பேசியபடி. வாருங்கள் பெண்களே, போகலாம்."

மீதி ஆட்டத்தில் தொழிலாளிகள் மூன்று கோல் போட்டார்கள். எவாரிஸ்தோ ஒருதடவைகூட வாசலை மறந்து முன்னால் ஓடவில்லை. கடைசி நிமிடத்தில் வந்த பந்தைச் சில்வேரியோ இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தபோது, மலை விளிம்பில் சூரியன் ஒரு நகக்கண் அளவு பாக்கியிருந்தது. சங்கத்து ஆள் களத்தில் நின்றபடியே நோட்டைப் பிரித்துச் செர்ரோ பார்தோ சுரங்கத் தொழிலாளர் கழகம் என்று எழுதினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் அந்தக் கழகத்து ஆட்டக்காரர்கள் இடைவேளையில் அறைக்குள் போய் உட்காருவதில்லை. மழையோ வெயிலோ, ஜெயிக்கிறார்களோ தோற்கிறார்களோ, மைதானத்தின் நடுவில் தோளோடு தோள் இடிக்க வட்டமாகக் குனிந்து நிற்கிறார்கள். கேப்டனுக்குப் பக்கத்தில் எப்போதும் கோல் கீப்பர். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து ஜெபம் செய்கிறார்கள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றுவார்கள். செர்ரோ பார்தோக்காரர்கள் மட்டும், "காற்றை மறிக்கிறார்கள்," என்பார்கள்.