ஓட்டாமல் விட்ட காலிக் குப்பி

"மேடம், குப்பிக்குள்ள வேலை செஞ்சது வயல்ல ஏன் செய்யல?"

ஆய்வகத்துக்குள் வந்ததும் வராததுமாக அய்யாறப்பன் கேட்டது இதைத்தான். செருப்பில் சேறு இன்னும் காயவில்லை. விடிந்ததும் வயலைப் பார்த்துவிட்டு நேராக பஸ் ஏறி வந்திருக்கிறார்.

டாக்டர் மெஹருன்னிசா நிமிர்ந்து பார்த்தார். அவர்தான் ஆய்வு வழிகாட்டி. அய்யாறப்பன் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவர், வயதில் அவரைவிடப் பெரியவர். அதனால் மாணவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

"எந்த வயல், சார்?"

"என் தம்பி வயல்."

"நம்ம பாக்டீரியா எப்படி அங்க போச்சு?"

"நான்தான் கொண்டு போனேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நடந்தது இதுதான். காற்றில் நைட்ரஜன் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் நெல்லுக்கு அதைத் தின்னத் தெரியாது. சில பாக்டீரியாக்களிடம் அதைப் பிடித்து உரமாக்குகிற நொதி ஒன்று உண்டு. அந்த நொதியைக் கட்டி நிறுத்த ஒரு மரபணு, இரண்டு மரபணு போதாது, ஒரு கூட்டமே வேண்டும். அந்தக் கூட்டத்தை அப்படியே பெயர்த்தெடுத்து, நெல் வேரில் குடியிருக்கும் வேறொரு பாக்டீரியாவுக்குள் குடிவைத்தார் அய்யாறப்பன். லேசுப்பட்ட வேலையா அது? மனிதருக்குப் பாதித் தலை வழுக்கையாகிவிட்டது.

பிறகு சோதனை. பாக்டீரியா இருக்கும் குப்பிக்குள் அசிட்டிலீன் வாயுவைக் கொடுத்தால் இந்த நொதி அதை எத்திலீனாக மாற்றிவிடும். எத்திலீன் இருந்தால் வாயுவை அளக்கும் கருவியின் திரையில் ஒரு பீக், கூரான ஒரு முகடு, எழும்பும். எழும்பியது. அய்யாறப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

யாரிடமும் மூச்சு விடாமல் அந்தப் பாக்டீரியாவை ஒரு கேன் நிறைய ஊருக்கு எடுத்துப்போய்த் தம்பி பஞ்சநாதனிடம் கொடுத்தார். "நாத்தோட வேரை இதுல நனைச்சு நடு. யூரியா ஒரு பிடிகூடப் போடாத" என்றார். பக்கத்தில் உரம் கிடைத்தால் இந்த மரபணுக்கள் வேலையை நிறுத்திவிடும், அது உண்மைதான். அண்ணன் சொன்ன பிறகு தம்பிக்கு வேறு பேச்சு ஏது.

இப்போது சுற்றிலும் பச்சை. நடுவில் அந்த ஒரு வயல் மட்டும் மஞ்சள்.

"இன்னிக்காவது யூரியா போடச் சொன்னீங்களா?"

"இல்ல மேடம். காரணம் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லலாம்னு வந்துட்டேன்."

"சரி. நொதி உருவாச்சா?"

"புரதம் வந்துச்சு. பெரிய புரதத்தோட நாலு துண்டும் சேர்ந்துச்சு. துணைப் புரதமும் இருந்துச்சு. ஜெல்லுல பார்த்தோமே."

"பெரிய புரதத்துக்குள்ள இரும்பும் மாலிப்டினமும் சேர்ந்த கொத்து உட்காரணும். அது இல்லாட்டி வெறும் கூடு. உட்கார்ந்துச்சா?"

"அதைப் பார்க்கல. அதான் எத்திலீன் வந்துருச்சே."

மேடம் எழுந்தார். கழுவிக் காயவைத்திருந்த குப்பி ஒன்றை எடுத்தார். ரப்பர் மூடியை அழுத்தினார். நீட்டினார்.

"இதைக் கருவியில ஓட்டுங்க."

"உள்ள ஒண்ணுமில்லையே மேடம்."

"ஆமா."

அய்யாறப்பனுக்குச் சுருக்கென்றது. காலிக் குப்பியை ஓட்டாமல் கணக்குச் சொல்லாதே என்று கல்லூரியில் பிள்ளைகளிடம் கத்துகிறவரே அவர்தான். இங்கும் ஆரம்பத்தில் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். கார்பைடு கல்லில் தண்ணீர் விட்டு அசிட்டிலீன் எடுத்த காலம் அது. ஒவ்வொரு தடவையும் பீக் இல்லாமல் திரை சுத்தமாக வந்தது. அலுத்துப்போய் விட்டுவிட்டார். அப்புறம் கல் தீர்ந்தது. வெல்டிங் கடையிலிருந்து அசிட்டிலீன் சிலிண்டர் ஒன்று வந்தது.

அந்தச் சிலிண்டரிலிருந்து காலிக் குப்பிக்குள் வாயுவை ஏற்றினார். கருவியில் செலுத்தினார். காத்திருந்தார்.

பீக் எழும்பியது. அதே இடம். அதே உயரம்.

வேறொரு குப்பியை அவரே பிடுங்கி எடுத்து ஓட்டினார். அதிலும் எழும்பியது. எத்திலீன் சிலிண்டருக்குள்ளேயே கலந்து கிடந்திருக்கிறது. பாக்டீரியா ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை.

"மேடம், ஒரு வாரம் குடுங்க. வேற சிலிண்டர் வாங்கி..."

"பயிருக்கு ஒரு வாரம் இருக்கா?"

அய்யாறப்பன் சிலிண்டரின் வால்வை மூடினார்.

"தம்பிக்குப் போன் போடுங்க. இன்னிக்கு யூரியா போட்டா பாதியாவது தேறும்."

"என்னன்னு சொல்றது மேடம்?"

மேடம் கருவியின் திரையை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

அய்யாறப்பன் போனை எடுத்தார். போட்டார். அண்ணன் வாயைத் திறக்குமுன் தம்பி ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணே, நானே கூப்பிடணும்னு இருந்தேன். நீ பஸ் ஏறினதும் மாட்டை அவிழ்த்து வயல்ல விட்டுட்டேன். அதுங்களாவது தின்னட்டும்."

அய்யாறப்பன் குறுக்கிடப் பார்த்தார், தம்பி விடவில்லை.

"நீ மனசை விட்டுறாத. உன் மருந்துல குத்தம் இருக்காது, அத்தனை வருசம் ராப்பகலா கிடந்து செஞ்சது. மண்ணுதாண்ணே செத்துப்போச்சு. செத்த மண்ணை வச்சுக்கிட்டு என்ன பண்ண? மேட்டுப்பக்கம் மண்ணெடுக்கிறாரே செங்கல் சூளைக்காரர், அவரை வரச் சொல்லிட்டேன். மூணடி வரைக்கும் எடுத்துக்கிறாராம்."

போனுக்குள் ஜேசிபி உறுமும் சத்தம் கேட்டது. அது மேடத்துக்கும் கேட்டிருக்கும்.

"அண்ணே, இருக்கியா?"

"பஞ்சு, வண்டியை நிறுத்தச் சொல்லு. மண்ணு நல்ல மண்ணுடா. நான்தான் சரியா பார்க்காம குடுத்துட்டேன்."

"சத்தத்துல ஒண்ணும் கேக்கல. என்னண்ணே?"

அய்யாறப்பன் ஆய்வகம் முழுக்கக் கேட்கும்படி அதை மறுபடியும் சொன்னார்.